ஆப்ரேஷன்வாலி

6-2-1967, திங்கள்

குழாய்த் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம்தான் வருகிறது. இன்று எனக்குக் கிடைத்தது அரைக் குடம்.

மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் டாக்டரம்மா போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார். அரைக் குடம் பாரமா இல்லையா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடு இல்லை. அதனால்தான் கப்பல் ஏறாமல் இங்கே அந்தமானில், ஹேடோ குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டேன்.

வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டு சுசீலா. "விடுங்கடி, நோகாமப் பெத்த மகராசி. அவ முதல்ல பிடிச்சுக்கட்டும்" என்றாள். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாத தெலுங்குக்காரிக்கு அவளே ஹிந்தியில் விளக்கம் வேறு சொன்னாள். "ஆப்ரேஷன்வாலி ஹை." ஆப்ரேஷன்காரியாம். தெலுங்குக்காரியும் சிரித்தாள்.

நோகாமலா? இரண்டு பகல், ஒரு ராத்திரி வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வேலை செய்கிற ஒர்க்‌ஷாப் லாரியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒருதரம் செத்தேன். மூக்கில் மருந்து வைத்தது தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது. விழித்தபோது வயிற்றில் பதினொரு தையல். அப்புறம் காய்ச்சல். பொங்கல் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. பிள்ளையின் முகத்தை நான் பார்த்தது அவன் பிறந்த ஒன்பதாம் நாள்.

நோகாமப் பெத்தாளாம். வரட்டும் அவ. பதினொண்ணையும் எண்ணச் சொல்றேன்.

7-2-1967

இன்றும் ஆப்ரேஷன்வாலி. குடத்தை நங்கென்று கீழே வைத்துவிட்டு வந்தேன். வைத்த வேகத்தில் வயிறு சுண்டி இழுத்தது. கோபப்படக்கூட இந்த உடம்பிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது.

8-2-1967, புதன்

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்க்கிற நாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. நான் போனபோது கிளாரா வந்திருந்தாள்.

வார்டில் எனக்கு வலதுபக்கக் கட்டில் அவளுக்கு. தூத்துக்குடிப் பக்கம். புருஷன் சிலுவைராஜ் மீன்பிடி போட்டில் போகிறவர். அவளுக்கு இது இரண்டாவது ஆப்ரேஷன். முதல் தழும்பின் மேலேயே மறுபடி வெட்டியிருக்கிறார்கள். "பழைய வாசலையே திறந்துட்டாவ" என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள், சிரிக்கும்போது வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறாள்.

இடதுபக்கக் கட்டில் பினோதினி. ஹேவ்லாக் தீவில் சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றிய வங்காளிக் குடும்பம். படகில் வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. வயிற்றைத் திறந்தபோது அவள் பிள்ளைக்கு உயிர் இல்லை. தையல் ஆறும்வரை இங்கே சித்தப்பா வீட்டில் இருக்கிறாள்.

நான் காய்ச்சலில் கிடந்த எட்டு நாளும் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அவள்தான்.

இன்று என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கொடுத்தேன். அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்தவன் அவள் மடிக்குப் போனதும் கப்பென்று அடங்கிவிட்டான். எனக்குக் காந்தியது. காந்தியது என்பதுகூடப் பொய். காந்த வேண்டுமே என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லாததைக் கிளாராவிடம் சொல்லிவிட்டேன். இவனைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், அழுதால் எடுக்கிறேன். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருக்கிறது. நான் என்ன ஜென்மம்?

காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையைத்தான் துப்பினாள். "ஏளா, எனக்கு மூத்தவளுக்கு நாப்பது நாள் ஒண்ணும் வரல. பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாக்குத மாதிரி பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நாப்பதாம் நாள் வந்துது. நீ பாலைக் குடு, துணிய மாத்து. அது பாட்டுக்கு வரும்."

நாற்பது. இவன் பிறந்த ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து எண்ணினால் பிப்ரவரி பத்தொன்பது.

12-2-1967

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். பொம்பளைகள் வரிசையில் ஒற்றை ஆம்பளை. சுசீலா ஏதோ சொன்னாளாம், என்ன என்று என்னிடம் சொல்ல மறுக்கிறார். காது மட்டும் சிவந்திருந்தது. ஆனால் இரண்டு குடம் கொண்டுவந்தார்.

14-2-1967, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து வைத்தார். கடலூரிலிருந்து அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. இருபதாம் தேதி மெட்ராஸில் கப்பல் ஏறுகிறாளாம். குழந்தையை அழைத்துப்போக.

எந்தக் குழந்தையை என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

பிறகு விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. ஆப்ரேஷன் ஆன மூன்றாம் நாள் என் காய்ச்சல் நூற்றைந்துக்குப் போனதாம். பிழைப்பது கஷ்டம் என்று வார்டில் யாரோ சொன்னார்களாம். இவர் வராந்தாவில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடுதாசி எழுதி, அன்றைக்குப் புறப்பட்ட கப்பல் தபாலில் போட்டுவிட்டார். நான் போய்விடுவேன், பிள்ளையை வந்து எடுத்துக்கொள் என்று. நான் கண் திறந்த பிறகு இன்னொன்று எழுதினார். அது அடுத்த கப்பலுக்காகப் பதினைந்து நாள் தபால் பையில் கிடந்திருக்கும். தந்தி கொடுக்கத் தோன்றவில்லையா என்றேன். நீ பிழைத்ததே போதும் என்று இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை என்றார்.

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும். இங்கே நான் கஞ்சி குடித்து, உட்கார்ந்து, நடந்து, வீட்டுக்கே வந்துவிட்டேன். அங்கே கடலூரில் எனக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, வேண்டாமென்று இப்போது தந்தி கொடுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். நாலு வயதிலிருந்து அவரை வளர்த்தவள் அவள். அவளுக்குப் பிள்ளையில்லை. ஆசையோடு கிளம்பியவளிடம் எப்படிச் சொல்வது. அத்தோடு, "உன் உடம்பும் இப்படி இருக்கு, ஒரு ரெண்டு வருஷம் அக்காகிட்ட இருந்தா என்ன, சந்திரா?"

என்னவா? என்னவாம்!

19-2-1967, ஞாயிறு

நாற்பதாம் நாள். காலையிலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கிளாரா பொய் சொல்கிறாள்.

22-2-1967, புதன்

பெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நாள் பொய்த்ததையும்தான். கிளாரா கொஞ்சம்கூட அசரவில்லை. அவளுடைய உடம்புக்கு நாற்பது, என் உடம்புக்கு எத்தனையோ, இது என்ன ரேஷன் கார்டா எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்க என்றாள்.

ஒன்றும் வராதவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று நானே கேட்டேன். வாயை விட்டுக் கேட்டுவிட்டேன்.

கிளாரா பதில் சொல்வதற்குள் பினோதினி என்ன பேச்சு என்று ஹிந்தியில் கேட்டாள். என் ஹிந்தி அரைகுறை, அவள் ஹிந்தியும் அரைகுறை. எப்படியோ சொன்னேன். பினோதினி என் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "மத் தோ" என்றாள். கொடுக்காதே. அவ்வளவுதான். கொடுக்கவும் வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனவள் சொல்கிறாள், எனக்கு மறுபேச்சு எங்கிருந்து வரும்?

சிலுவைராஜ் அண்ணன் நாளையிலிருந்து போட்டுக்குப் போகும் முன்னால் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாராம். கிளாரா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

24-2-1967

கப்பல் வந்தது. அண்ணி வந்தாள். நாலு நாளும் வாந்தி எடுத்து முகம் வற்றிப்போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் முகம்கூடக் கழுவாமல் பிள்ளையைத்தான் தூக்கினாள். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், எனக்கு நூல் புடவை, லேகியம். பிள்ளையைத் தன் அப்பா பெயராலேயே கூப்பிட்டாள். குழந்தைவேலு. பெயர் அவர்கள் வைக்கட்டும். எனக்கு அதில் சண்டையில்லை.

கப்பல் திரும்பிப் போவது மார்ச் இரண்டு.

26-2-1967

அண்ணி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். பூண்டுக் குழம்பு வைக்கிறாள், எனக்கு வெந்நீர் வைக்கிறாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பாடினால் அவன் கண் செருகித் தூங்குகிறான்.

நேற்று என் வயிறு தொங்கிவிடும் என்று பழம்புடவையை இறுக்கிக் கட்டினாள். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் கட்டுவதுதான். தையல் போட்ட வயிறு என்று எவ்வளவோ சொன்னேன். வயிறு என்றால் வயிறுதான் என்றாள். இன்று காலையில் அவிழ்த்தால் துணியில் நீர் கோத்திருந்தது. ஒரு தையலோரம் வாய் விட்டிருக்கிறது. அண்ணி முகம் வெளுத்துப்போய்விட்டது. எனக்காகப் பயந்தாள், நிஜமாகவே. ஆனால் பயம் தெளிந்ததும் சொன்னாள்: "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா பிள்ளை வளர்ப்பே?"

கட்டிவிட்டவளும் அவளே, கேட்கிறவளும் அவளே.

27-2-1967

அவள் மடியில் அவன் நன்றாகத்தான் இருக்கிறான். கொடுத்துவிடலாமா? என்னிடம் இல்லாதது அவளிடம் இருக்கிறது. தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும்போல் இருக்கிறது. நானும் ஒரு வருஷம் தூங்கலாம்.

எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும். நான் இப்படியும் நினைத்தேன்.

1-3-1967, புதன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

கப்பலில் போகிற கைக்குழந்தைக்கு அம்மை குத்திய சீட்டு வேண்டுமாம். எனக்கும் புண்ணைக் காட்ட வேண்டும். அண்ணியும் கூட வந்தாள். பெஞ்சில் கிளாரா, பினோதினி. நான் உள்ளே போய் மருந்து வைத்துக்கொண்டு வருவதற்குள் இவன் பசித்து அழுதிருக்கிறான். பினோதினி வழக்கம்போல் வாங்கி மாரில் போட்டுக்கொண்டாள். நான் வெளியே வரும்போது அண்ணி நின்ற நிலையில் கத்திக்கொண்டிருந்தாள். யார் எவள் என்று தெரியாதவள் பால், எங்கள் குடும்பத்துப் பிள்ளைக்கா என்று.

எட்டு நாள் அந்தப் பாலில்தான் அவன் உயிரோடு இருந்தான் என்றேன். அண்ணி இதை அறிந்திருக்கவில்லை. அவர் எழுதவில்லைபோல. அவள் வாயிலிருந்து எல்லாம் கொட்டியது. வயிற்றைக் கிழித்து எடுத்ததெல்லாம் பிரசவமா, வலித்துப் பெற்றிருந்தால் பிள்ளை அருமை தெரிந்திருக்கும், இங்கே விட்டால் பிள்ளை யார் யார் கையிலோதான் வளரும் என்று. கடைசியில் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து என் கையில் வைத்தாள். "நானா வரல. என் தம்பி எழுதினது. படி."

படித்தேன். அவர் கையெழுத்து. 'சந்திரா பிழைக்க மாட்டாள் அக்கா. அவளுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு நீதான்.' ஓர் இடத்தில் மை கலைந்திருந்தது. என் சாவை நானே படித்தேன், பட்டப்பகலில், பெஞ்சில் உட்கார்ந்து.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு.

"அண்ணி, இது செத்தவளைப் பத்தின கடுதாசி. செத்தவ பிள்ளையைத்தான் எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காரு. நான் சாகலை. என் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்."

"உனக்கு அவன்மேல பாசமே இல்லையேம்மா. அஞ்சு நாளா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பெஞ்சிலிருந்து நழுவிப்போய் மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. அப்போது கிளாரா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடிக்க. பினோதினிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. அவளும் இந்தப் பக்கம் நகர்ந்து பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இல்லைதான்" என்றேன். "இன்னும் வரலை. வர்றப்போ அவன் இங்க இருக்கணும்."

அம்மை குத்துகிற அறைக்குள் நாங்கள் போகவே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும், அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நானே சொல்லிவிட்டேன் என்றேன். கடுதாசியைக் கிழிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். என்னைப் பற்றி எழுதியது, என்னிடம் இருக்கட்டும்.

2-3-1967

சாத்தாம் ஜெட்டிவரை நானும் போனேன், பிள்ளையோடு. அண்ணி ஏறுவதற்கு முன் கொலுசை அவன் காலில் மாட்டினாள். பெரிதாக இருந்தது, கழன்று கழன்று விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டாவது கடுதாசியும் வந்துடுச்சு, சந்திரா. கப்பல் ஏறுறதுக்கு மூணு நாள் முன்னாடியே. நீ பொழைச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சுதான் கிளம்பினேன்."

எனக்குக் கோபம் பொங்கியது. அவள் கையையும் பிடித்துக்கொண்டேன். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி முடிந்ததென்று தெரியவில்லை.

அவர் தூரத்தில் மூட்டையோடு நின்றார். இது அவருக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதுமில்லை.

4-3-1967

மத்தியானம் அவன் தூளியில் அழுதான். நான் எழுந்திருப்பதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. எடுத்தேன். இவன் என்னுடையவன். அட, என்னுடையவன்!

தூளி, அண்ணி என் வயிற்றைக் கட்டிய துணி, துவைத்துக் கட்டியது.

8-3-1967, புதன்

கிளாராவிடம் சொன்னேன். "நாஞ் சொன்னம்லா" என்றாள். நாற்பது என்றுதான் சொன்னாய் என்று சண்டை பிடித்தேன்.

22-3-1967

பினோதினி நாளைக்கு ஹேவ்லாக் போகிறாள். கடைசியாக ஒருதரம் அவனைக் கையில் கொடுத்தேன். பால் வற்றிவிட்டது என்று சைகையில் சொன்னாள். சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு நன்றாகவே காந்தியது. காந்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

தன் பிள்ளைக்கு என்ன பெயர் யோசித்து வைத்திருந்தாள் என்று கேட்டேன். இதுவரை யாரும் அவளை அதைக் கேட்கவில்லையாம். சொன்னாள். பெண் பிள்ளை. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது.

17-4-1967

இன்று முழுக் குடம் தூக்கினேன். சுசீலா "ஆப்ரேஷன்வாலி, பாத்து" என்றாள். "ஆமா, ஆப்ரேஷன்வாலிதான், நகரு" என்றேன். நகர்ந்தாள்.

7-11-1967, செவ்வாய்

குழாயடியிலிருந்து சுசீலா குரல் கொடுத்தாள், உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு என்று. சைக்கிளோடு ஒருத்தர். புரோத்ராபூரில் காய்கறி போடுகிறவராம், ஜம்புலிங்கம் என்று பெயர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. ஆப்ரேஷன்வாலி வீடுன்னு கேளுங்க, ஹேடோவுல எல்லாருக்கும் தெரியும்னு டாக்டரம்மா சொல்லிவிட்டாங்க."

"நான்தான்" என்றேன்.

அவர் சம்சாரம் ருக்குவுக்கு ஆப்ரேஷன் ஆகி ஆறு நாளாகிறது. பெண் பிள்ளை, நன்றாக இருக்கிறது. ருக்கு சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாளாம். பேச மாட்டேன் என்கிறாள், பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவருடைய அம்மா மருமகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று யாரையோ கூட்டிவரப் போயிருக்கிறாளாம்.

லீவில் இருந்த என் வீட்டுக்காரரிடம் குழந்தைவேலுவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில் கிளாராவையும் கூட்டிக்கொண்டேன்.

அதே வார்டு, நான் கிடந்த கட்டிலுக்கு நேர் எதிர்க் கட்டில். நான் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பதினொரு தையல், உனக்கு எத்தனை என்று கேட்டேன். கிளாரா பழைய வாசல் கதையைச் சொன்னாள். ருக்கு போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். கிளம்பலாம் என்று எழுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே ருக்கு கேட்டாள்: "அதைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே வரலைக்கா. உங்களுக்கு வந்துச்சா?"

"வரலை. அப்புறம் வந்துச்சு."

"எத்தனை நாள் ஆச்சு?"

கிளாரா "நாப்பது" என்று வாயைத் திறந்தாள். அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். எண்ணிப் பார்த்து நாளைக்கு வந்து சரியாகச் சொல்கிறேன், அதுவரை பாலை மட்டும் கொடு என்றேன். ருக்கு முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, நாளைக்கு நிச்சயமாக வருவீர்களா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்துத் திருப்பினேன். ஜனவரி பத்து, மார்ச் நாலு. விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன்.

ஐம்பத்திமூன்று.